மடைப்பள்ளியும் வாளும்

சென் பௌத்தம் கூறும் ஞானம் வாழ்க்கைக்கு அப்பாற்பட்டதன்று. நீர் சுமப்பதிலும் விறகு பிளப்பதிலுமே அது சித்திக்கும் என்பர். உடலுழைப்பை இழிவெனக் கருதிய மடங்களை அறிந்த நாம் இக்கூற்றை வரவேற்கவே வேண்டும். ஆயின், யாருடைய அன்றாட வாழ்க்கை இது என்ற வினா எழுகின்றது.

1223ஆம் ஆண்டு சீனத் துறைமுகமொன்றில், கப்பலில் தங்கியிருந்தார் டோகென் என்னும் யப்பானிய இளந்துறவி. காளான் வாங்க அங்கு வந்தார் மடாலயமொன்றின் முதிய சமையற்காரர். இத்தள்ளாத வயதிலும் தியானத்தையும் நூற்கல்வியையும் விட்டுச் சமையலில் உழல்வதேன் என்று டோகென் வினவ, கிழவர் நகைத்தார். அந்நகைப்பை டோகென் மறக்கவில்லை. மடைப்பள்ளித் துறவியின் கடமைகளைப் பற்றி 1237இல் அவர் எழுதிய நூலில், அரிசி களைந்து மணலை அகற்றுவதும் சாதனையாகவே மதிக்கப்படுகின்றது.

இனி, மேனாட்டார்க்குச் சென்னை அறிமுகஞ்செய்த டி. ரி. சுசுக்கியின் 'சென்னும் யப்பானியப் பண்பாடும்' என்ற நூலை (திருத்திய பதிப்பு 1959) நோக்குவோம். சாமுராய்க்கு ஓர் அத்தியாயம், வாட்போருக்கு இரண்டு, தேநீர்க் கலைக்கு மூன்று. சமையற்காரனுக்கு ஒன்றுமில்லை, உழவனுக்கும் இல்லை! சுசுக்கியின் புலமையை நாம் மறுக்கவில்லை. காமகுரா காலத்துப் படைத்தலைவர்கள் சென் மடங்களைப் புரந்ததும் வரலாறே. ஆனால் 'நான்' அற்ற மனம் யாருடைய ஏவலால் வாளை வீசுகின்றது, வெட்டுண்டவன் யார் என்பவற்றை நூல் கேட்பதில்லை. அவ்வினா எழாதவிடத்து, ஞானம் ஆளும் வர்க்கத்தின் கைத்திறனாகச் சுருங்கிவிடுகின்றது.

கேட்டவர் ஒருவர் இருந்தார். ஹக்கோனே மலைப்பகுதியின் சிறு கோயிலொன்றில் குருவாயிருந்த உச்சியாமா குடோ, எல்லா உயிர்க்கும் புத்த இயல்பு உண்டென்ற போதனையில் சமவுடைமையைக் கண்டவர். குத்தகை உழவரின் வறுமைக்குக் காரணம் முற்பிறவி வினையன்று, நிலவுடைமையே என்று எடுத்துரைத்து, குத்தகை கொடாதீர் எனக் கூறும் துண்டுநூலொன்றை 1908இல் தம் கோயிலிலேயே இரகசியமாக அச்சிட்டார். 1909இல் கைதானார். சக்கரவர்த்திக்கு எதிரான சதியில் தொடர்புடையவரென்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1911 சனவரி 24இல் தூக்கிலிடப்பட்டார்.

அவர் சார்ந்திருந்த சோட்டோ சபை, தீர்ப்பு வருமுன்னரே, 1910இல் அவரைத் துறவியர் வரிசையினின்று நீக்கிவிட்டது. டோகெனைத் தன் மூலகுருவாகப் போற்றும் சபை அதுவே. அந்நீக்கத்தை அது இரத்துச் செய்தது 1993இல்.