பக்கவாத்தியம் இல்லாத அரங்கு: ‘சக்தி’ இசைத்தட்டு பற்றிய ஒரு நோக்கு

கருநாடக இசையரங்கில் ஒரு படிநிலை உண்டு. பாடகர் நடுவே அமர்வார். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள். கடமும் கஞ்சிராவும் உபபக்கவாத்தியங்கள். தனியாவர்த்தனத்துக்கென ஒதுக்கப்படும் பொழுது நீங்கலாக, இவை பாடகரின் நிழலிலேயே நடத்தல் வேண்டும். இப்படிநிலையை நீக்கியும் ஓர் அரங்கு ஒழுங்குடன் நடைபெறக்கூடுமா? இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையாகவே ‘சக்தி’ குழுவினரின் முதலாவது இசைத்தட்டைக் கொள்ளல் தகும். 1975 யூலை 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹம்ரன் கல்லூரியில் நேரடியாகப் பதிவுசெய்யப்பட்டு, 1976இல் கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்ட தட்டு இது. இன்றும் அது விரும்பிக் கேட்கப்படுவதன் காரணம் இச்சமத்துவத்திலேயே தங்கியுள்ளது.

குழுவின் அமைப்பே இதனை உணர்த்தும். ஜோன் மக்லாக்லின் ஆங்கிலேயர். 1971இல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவை நிறுவி, மின்கிற்றாரின் பேரொலியால் புகழ் பெற்றவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்ற பின், மின்னொலியைத் துறந்து மரக்கிற்றாரைக் கையிலெடுத்தார். எல். சங்கர் வயலினும், சாகிர் உசேன் தபேலாவும், டி. எச். விக்கு விநாயக்ராம் கடமும், ராமநாதபுரம் வி. ராகவன் மிருதங்கமும் வாசித்தனர். வடக்கின் தபேலாவும் தெற்கின் கடமும் ஒரே மேடையில் நிகராக உரையாடியமை, கிழக்கும் மேற்கும் சந்தித்ததற்கு எவ்வகையிலும் குறையாத புதுமையாகும்.

தட்டில் மூன்று உருப்படிகளே உள்ளன. நடுவில் அமைந்த ‘தாமரைப் பாதம்’ எனப் பொருள்படும் சிறிய உருப்படி ஒப்பீட்டுக்குரியது. இதே மெட்டினை மக்லாக்லின் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவின் 1976ஆம் ஆண்டுத் தட்டாகிய ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ இலும் மின்னணு ஒலிக் கருவிகளின் துணையுடன் அமைத்துள்ளார். மெட்டு ஒன்றே, ஆக்கியோனும் ஒருவரே, பயனோ வேறு. மின்னணு வடிவில் ஒலியின் நிறமே செவியை ஈர்க்கின்றது. ‘சக்தி’யின் வடிவில் வயலினின் நீண்ட வில்லோட்டமும் அதனைத் தொடரும் கிற்றாரின் தயக்கமும் மெட்டின் உள்ளுணர்வைப் புலப்படுத்துகின்றன. ஒலியை வளர்க்கும் வசதி குறைந்தவிடத்து ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுக்கும் தேவை மிகுகின்றது என்ற உண்மையை இவ்வைந்து நிமிட இசை நிறுவுகின்றது.

பதினெட்டு நிமிடம் நீளும் ‘ஜோய்’ என்ற முதல் உருப்படியில் ஜாஸின் தன்னெழுச்சியும் கருநாடக இசையின் மனோதர்மமும் தத்தம் இலக்கணம் கெடாது சந்திக்கின்றன. கிற்றாரும் வயலினும் மாறிமாறித் தொடுக்கும் சுரக்கோவைகள் படிப்படியாகக் குறுகி, இறுதியில் தாள வாத்தியங்களுடன் ஒரே புள்ளியில் வந்து விழும் முறை, கோர்வை அறிந்த செவிக்குப் பெருவிருந்தாகும். எனினும் குறைகளும் உள. வேகமே சில இடங்களில் குறிக்கோளாகிவிடுகின்றது. ஏறத்தாழ முப்பது நிமிடம் செல்லும் மூன்றாவது உருப்படி தன் பொருளுக்கு மிஞ்சி நீள்கின்றது. மேலைத்தேய இசையின் பெருஞ்செல்வமாகிய சுரஇசைவு இங்கு மிகச் சிறிதே இடம்பெறுகின்றது. இக்கூட்டில் கூடுதலாக விட்டுக்கொடுத்தது ஜாஸே எனலாம்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இத்தட்டில் வேறோர் உரிமையும் உண்டு. சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். வயலினைப் பக்கவாத்திய நிலையினின்றும் தனிவாத்தியமாக உயர்த்த முயன்றவர். மைந்தர்களாகிய சுப்பிரமணியமும் சங்கரும் இளமையில் வளர்ந்ததும் இம்மண்ணிலேயே. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டு நீங்கியது. அக்கலவரத்தின் இழப்புகளை எண்ணுவோர் உயிரையும் உடைமையையும் எண்ணுவர். நீங்கிச் சென்ற இசையையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இசை சென்றதெனினும் அதனை உணரும் செவி இங்கு நின்றது. நெல்லியடியிலும் அயற்கிராமங்களிலும் கோயில் திருவிழா இரவுகளில் விடியும்வரை மேளச் சமா கேட்டுப் பழகிய இரசிகனுக்கு, தாளவாத்தியம் துணையாக மட்டும் நிற்கவேண்டும் என்பது ஏற்புடைய விதியன்று. 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தியின் தனிவாசிப்புக்காகவே கூட்டம் கூடிய நாடு இது. ஜாஸ் என்ற சொல்லையே அறியாத வடமராட்சி முதியவர் ஒருவரும் சாகிர் உசேனும் விநாயக்ராமும் தொடுக்கும் வினாவிடையின் நுட்பத்தைத் தலையசைத்து இரசிக்கக்கூடும்.

இக்குழு 1978இல் கலைந்தது. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ எனப் புதிய உறுப்பினருடன் மீண்டது. 2023இல் வெளிவந்த ‘திஸ் மோமென்ற்’ தட்டுக்கு மறுஆண்டு கிராமி விருது கிடைத்தது. 2024 டிசெம்பரில் சாகிர் உசேன் காலமானார். இடைப்பட்ட காலத்தில் ‘கலப்பிசை’ என்ற பெயரில் வெளிவந்தன பல. அவற்றுட் பல, மேலைத்தேயத் தாளக்கட்டின் மேல் ஓர் இராகத்தை அலங்காரமாகத் தூவியதோடு அமைந்தன. இனிவரும் கலப்பிசையை எடைபோட விரும்புவோர்க்கு இத்தட்டு ஓர் எளிய அளவுகோலைத் தருகின்றது. எவர் எவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கின்றனர் என்று கேட்டாற் போதும்.