பாட்டுப் பெட்டிக்கு ஒரு மதிப்புரை

நாவல்களுக்கும் சிறுகதைத் தொகுதிகளுக்கும் மதிப்புரை எழுதிப் பழகிய கை இது. பாட்டுப் பெட்டிக்கும் ஒரு நாள் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் சென்ற மாதம் முழுவதும் மூன்று பெட்டிகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு, மூன்று நாவல்களைப் படிக்கிறவனைப்போல் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். காரணம் என் தகப்பனார்.

கே.கே. நகரில் எங்கள் வீடு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம். கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் மாலைக் காற்று நன்றாக இருக்கும். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணில் அழுத்த நோய் வந்து, இப்போது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மட்டும் வித்தியாசம் தெரிகிறது. ஆறு மணிக்கு என் செல்போனில் மதுரை மணி ஐயரை வைத்து அவர் கையில் கொடுப்பது வழக்கம். சின்னப் பையனாக ஒரு கல்யாணப் பந்தலில் மணி ஐயரை ஒரே ஒரு தடவை நேரில் கேட்டவர் அவர். அந்த ஒரு தடவையை இன்றுவரை செலவழித்துத் தீர்க்கவில்லை.

ஒரு நாள் கற்பனை ஸ்வரம் நடந்துகொண்டிருந்தது. குறைப்பு ஆரம்பிக்கிற சமயம். போன் அடித்தது. ஒரு பத்திரிகை ஆபீஸிலிருந்து, கதை எப்போது வரும் என்று கேட்டார்கள். அப்பா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். ‘வாங்கிக்கொண்டு’ என்று எழுதுகிறேன். பிடுங்கினேன் என்பதே சரி. அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால், அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சிருச்சாப்பா?” என்றார்.

பேச்சைக் கேட்டாரா, பாட்டைக் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பத்து நாள், “இன்னிக்கு வேண்டாம்ப்பா, உனக்கு வேலை கெடக்கும்” என்று சொல்லிவிட்டார்.

செல்போனைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் திட்டப் போவதில்லை. அதில் இல்லாத சங்கீதம் இல்லை. யார் யாரோ பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கச்சேரிகளெல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் தபால்காரர், கடன்காரர், பால்கணக்கு, சினிமா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே வாசல் வழியாக நுழையும் வீடு அது. அங்கே உட்கார்ந்து ராக ஆலாபனை கேட்பது பெரியார் பஸ் நிலையத்தில் பாய் விரித்துப் படுப்பதைப் போன்றது. தூக்கம் வந்தாலும் வரலாம். யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஆகவே பெட்டி தேடினேன்.

முதலில் வந்தது மைத்துனர் வீட்டுச் சரிகமா ‘காரவான்’. ஒரு காலத்தில் எச்.எம்.வி. என்று நாம் அறிந்திருந்த கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகமா. 2017-ல் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் உருவத்தில், ஐயாயிரம் இந்திப் பாட்டுக்களை உள்ளே வைத்தே இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பிறகு தமிழுக்கும் வந்தது. என்னைப் பொறுத்தவரை இது யந்திரமே அல்ல, தொகை நூல். சங்கப் பாட்டுக்களைத் தொகுத்தவர்கள் அடிக் கணக்கைப் பார்த்தார்கள், திணையைப் பார்த்தார்கள். இந்தத் தொகையாசிரியர் பார்த்தது உரிமைப் பத்திரம். தன் கம்பெனிக் களஞ்சியத்தில் உள்ளதுதான் உள்ளே வரும். எண்பதுகளில் எக்கோ முதலான வேறு கம்பெனிகள் இசைத்தட்டாக வெளியிட்ட இளையராஜா பாட்டுக்களை நினைத்துக்கொண்டு பெட்டியைத் திருகுகிறவன் ஏமாந்துபோவான். ரசனையின் எல்லை என்று நாம் நினைத்துக்கொள்வது பல சமயம் வியாபாரத்தின் எல்லையாக இருக்கிறது. புத்தகத் தொகுதிகளுக்கும் இது பொருந்தும். அந்த வம்பு இங்கே வேண்டாம்.

ஆனால் அந்தத் திருகு குமிழ் இருக்கிறதே, அதற்கு நான் வணக்கம் சொல்வேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘டக்’. அப்பா கால்மணி நேரத்தில் எண்ணிப் பழகிவிட்டார். டி.எம். சௌந்தரராஜன் எத்தனையாவது டக்கில் வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். நம்மூர்க்காரர் என்ற பாசம் வேறு. இரண்டு நாள் சந்தோஷமாகக் கேட்டார். மூன்றாம் நாள், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் வளர மாட்டேங்குதே” என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு விமரிசனத்தை நான் எழுதியதில்லை. மூன்று நான்கு நிமிஷத்தில் முடிகிற பாட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனால், கச்சேரி கேட்டு வளர்ந்த காது பசியோடுதான் எழுந்திருக்கும்.

இரண்டாவது, நண்பர் கொடுத்த பழைய ஐபாட். 2001-ல் பிறந்து 2022-ல் உற்பத்தி நின்றுபோன வம்சம். அழகான சாமான், கையில் வைத்தாலே எழுத வரும்போல் இருக்கிறது. ஆனால் அதன் சக்கரம் வழவழவென்று சுற்றுகிறது. எங்கே நிற்கிறோம் என்பதைக் கண்ணாடித் திரைதான் சொல்ல வேண்டும். கண் உள்ளவர்களுக்காகக் கண் உள்ளவர்கள் செய்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. பக்கத்தில் ஐந்து பொத்தான், அடியில் நினைவு அட்டை செருகும் இடம்.

“அண்ணே, போன்லயே எல்லாம் இருக்கே. இது எதுக்கு?” என்றான் கடைப் பையன்.

“எல்லாம் இருக்கிறதாலதான் தம்பி” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

சாதாரணத் தரத்தில் பதிந்தால் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் இடம் வேண்டும். முப்பத்திரண்டு ஜிகாபைட் அட்டையில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். தினம் இரண்டு மணி கேட்டாலும் எட்டு மாதம். ஆனால் பெட்டி காலியாகத்தான் வருகிறது. அப்பாவின் நாற்பது கேசட்டுகளையும் அண்ணன் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். அவற்றுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்து ஒழுங்கு செய்ய எனக்குப் பத்து இரவு பிடித்தது. நாவலில் ஒரு அத்தியாயம் போயிற்று. போகட்டும்.

இந்தப் பெட்டியின் பெரிய குற்றம் ஒன்று உண்டு. ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு முட்டினாற்போல் ஒரு நொடி நிற்கிறது. சினிமாப் பாட்டுக்கு அது தோஷமில்லை. ராகம் முடிந்து கீர்த்தனையின் முதல் சொல் விழுகிற இடத்தில் அந்த நொடி ஒரு கொலை. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். ஆனால் வித்வான்கள் அதை அறிந்து, அதற்குள் அடங்கப் பாடினார்கள். இந்த வெட்டு யாருக்கும் தெரியாமல் விழுகிற வெட்டு. கலைத்துப் போடுகிற பொத்தான் வேறு ஒன்று இருக்கிறது. தவறி அழுத்தினால் மங்களம் முன்னால் வந்து வர்ணம் பின்னால் வருகிறது. கச்சேரிக்கு இன்றுள்ள ஒழுங்கை வகுத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். அவர் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கடைசியில் ஒவ்வொரு கச்சேரியையும் ஒரே நீளப் பதிவாக ஒட்டிவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு வெட்டு இல்லை. நிறுத்திய இடத்தைப் பெட்டியே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. துவக்கும் பொத்தான்மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டேன். கலைக்கும் பொத்தானைப் பிளாஸ்திரி போட்டு மூடினேன்.

முதல் நாள் கேட்கும்போது, ஒரு நிரவலின் நடுவே அப்பா திடீரென்று கையை நீட்டினார். என்ன என்றேன்.

“இங்கதான்ப்பா கேசட்டைத் திருப்பிப் போடணும்.”

முப்பது வருஷமாக அந்த இடத்தில் எழுந்து போன கை. நான் ஒட்டிய ஒட்டு எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று மாலை அடுத்த அறையில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கப் போகும் வழியில் அவர் அறையை எட்டிப் பார்த்தேன். யாரும் வைத்துக் கொடுக்காமல் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

“உக்காருப்பா, ஸ்வரம் வரப்போகுது” என்றார்.