எது உருபு, எது மாற்று?

'அல்லோமார்ஃப்' என்ற சொல்லைத் தமிழில் 'மாற்றுருபு' என்கிறோம். இந்த மொழிபெயர்ப்பில் எனக்கொரு சிக்கல் இருக்கிறது. 'மாற்று வீரர்', 'மாற்றுச் சாவி' என்று பழகிய காதுக்கு, 'மாற்று' என்றாலே அசல் ஒன்று வேறெங்கோ இருப்பதாகத் தோன்றும். கிரேக்க 'அல்லோஸ்' அப்படிச் சொல்வதில்லை. 'மற்றொன்று', அவ்வளவுதான்.

'மரம்' என்கிறோம், வேற்றுமை உருபு சேர்ந்தால் 'மரத்தை', 'மரத்தில்'. மரம், மரத்து இரண்டும் ஒரே உருபனின் வடிவங்கள். எது வரும் என்பதைப் பக்கத்தில் வருவதுதான் முடிவுசெய்கிறது. அகராதி 'மரம்' என்பதைத் தலைச்சொல்லாக வைப்பது தேடுகிறவரின் வசதிக்காக. அதனால் 'மரத்து' இரண்டாம்தரம் ஆகிவிடாது. இறந்தகாலத்துக்கு நன்னூல் த், ட், ற், இன் என நான்கு இடைநிலைகளைச் சொல்கிறது. அவற்றில் அசல் எது என்று கேட்டால் என்ன பதில்?

இந்தச் சொல்லை மொழியியலுக்கு முன்பே கனிமவியல் பயன்படுத்தியது. சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன பாக்சைட் ஒரு தனிக் கனிமம் அல்ல, கலவை. உலகின் பாக்சைட் படிவுகளில் காணப்படும் போமைட், டயாஸ்போர் இரண்டுக்கும் வேதியியல் வாய்பாடு ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. இன்று இதைப் பல்லுருவம் என்பார்கள். போமைட் அசல், டயாஸ்போர் நகல் என்று எந்தக் கனிமவியலாளரும் சொல்ல மாட்டார். எந்தச் சூழலில் எது உருவாகும் என்றுதான் கேட்பார்.

நாம் பேச்சுத்தமிழிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஏற்காட்டுப் பக்கம் இருக்கும் ஊரை எழுதும்போது 'தலைச்சோலையில்', பேசும்போது 'தலைச்சோலைல'. உடனே 'கொச்சை' என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஆனால் 'வீட்டில்' என்பது பேச்சில் 'வீட்டுல' ஆகிறது. எழுத்தில் காணாமல்போன உகரம் அங்கே நிற்கிறது. 'ஊரில்' என்பதோ 'ஊர்ல'. எங்கே உகரம் நிற்கும், எங்கே நிற்காது என்பது பேசுகிற எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் இது நடக்காது.

'-இல்' தேய்ந்துதான் '-ல' வந்தது, உண்மை. அது வரலாறு. ஒரு வடிவம் எதிலிருந்து வந்தது என்பது வேறு, இன்று எந்த ஒழுங்கில் நிற்கிறது என்பது வேறு. இரண்டையும் குழப்பினால் பேசுகிறவர்தான் குறைந்துபோகிறார்: நாவலில் அவர் பேச்சுக்கு மட்டும் மேற்கோள்குறிக்குள் இடம், கதைசொல்லிக்கு முழுப்பக்கம்.

'மாற்றுருபு' என்ற சொல்லை இனி மாற்ற முடியாது, பாடநூல்களில் ஊன்றிவிட்டது. வைத்துக்கொள்வோம். மரம், மரத்து இரண்டுமே மாற்றுருபுகள் என்று சேர்த்தே சொல்லிக்கொடுத்தால் போதும்.