மயிலுக்குப் போர்வை, மங்கைக்கு?

கொற்கை என்றால் முத்து! முத்து என்றால் பாண்டியன் பெருமை! பள்ளிப் பருவம் தொட்டு இப்படித்தான் படித்து வருகிறோம். ஆனால், அந்தக் கடற்கரைக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் எது? செல்வமா? செருக்கா? இரண்டும் இல்லை, இரங்கல்! காதலியின் முறுவலுக்குக் கொற்கை முத்தை உவமை காட்டிய அம்மூவனார்தாம், ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு முழுவதையும் பாடியவர். முத்து விளையும் கரையே கண்ணீர் விளையும் கரையும் ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நெய்தல் பாட்டில் வரும் பெண்ணைப் பாருங்கள். காதலன் வரவில்லை. நண்டிடம் பேசுகிறாள், நாரையிடம் பேசுகிறாள், அலையிடம் முறையிடுகிறாள். தோழி தேற்றுகிறாள், ஆனால் தோழி உற்றவள். உறவு இல்லாத ஒருவர், அவள் ஊரும் பேரும் அறியாத ஒருவர், அவள் துயர் கண்டு துடித்து எழுந்தது உண்டா? உண்டு! அதைக் காணக் கொற்கைக் கரையை விட்டுப் பொதினி மலைக்கு, அதாவது இன்றைய பழனிக்குப் போக வேண்டும். கடற்கரையின் பண்ணே நம்மை அங்கு அழைத்துச் செல்கிறது.

நெய்தலுக்கு உரிய பண் செவ்வழி. அந்தப் பண்ணை யாழில் மீட்டிக்கொண்டுதான் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் ஆவியர் கோமான் பேகனின் மலைநாட்டைப் பாடினர். பரணர் பாட்டைக் கேட்டு ஒரு பெண் அழுகிறாள். அவள் கண்ணுக்குப் பரணர் காட்டும் உவமை எந்த மலர் தெரியுமா? நெய்தல்! மலையில் நின்றாலும் அவள் நெய்தலின் மகளாகவே நிற்கிறாள்.

அவள் யார்? பேகனால் கைவிடப்பட்ட மனைவி. புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாடல்கள் அவளுக்காகப் பிறந்தவை. கபிலர் ஒன்று, பரணர் இரண்டு, மற்ற இருவரும் ஒவ்வொன்று. கண்ணகி என்ற அவள் பெயர் பாடல்களுக்குக் கீழே உள்ள குறிப்புகளில்தான் காணப்படுகிறது. பாடல்களுக்கு உள்ளே அவளுக்குப் பெயர் இல்லை. அழுதவள், அவ்வளவுதான்.

பேகனோ பெயர் பெற்றவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். குளிரில் மயில் நடுங்கும் என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். அதைக் கொடைமடம் என்று சொல்லி மெச்சாத புலவர் இல்லை; மேற்கோள் காட்டாத மேடை இல்லை. கேட்கிறேன்: மயிலின் நடுக்கம் கண்ட கண்ணுக்கு மனைவியின் கண்ணீர் தெரியவில்லையா? தோகை விரிக்கும் பறவைக்குப் போர்வை. துணையாக வந்தவளுக்குத் துயரமா? இந்தக் கேள்வியை நாம் புதிதாகக் கேட்கவில்லை. பேகனின் முகத்துக்கு எதிரே பரணரே கேட்டுவிட்டார். மயில் கதையைச் சொல்லி வாழ்த்தத் தொடங்குகிறார். அடுத்த மூச்சிலேயே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை, நாங்கள் இரக்கும் பரிசில் ஒன்றே, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பாயாக என்கிறார். புகழ்ச்சியைத் தொடங்கி அதையே சாட்டையாக்கிய துணிவு அது.

பரிசில் வாங்கிப் பிழைப்பவன் புலவன். நெடுவழி நடந்து, பசித்த சுற்றத்தோடு வந்ததைக் கபிலர் மறைக்கவில்லை. அப்படி வந்தவரும் தம் பசியைப் பேசுவதை விட்டு, புல்லாங்குழல் ஏங்குவது போல் அழுத அந்தப் பெண் யார் என்று கேட்கிறார். அரிசில் கிழார், உன் அரிய அணிகலன் எனக்கு வேண்டாம் என்கிறார். பெருங்குன்றூர் கிழார், எண்ணெய் காணாத அவள் கூந்தல் மீண்டும் பூச்சூட வேண்டும், அதுவே என் பரிசில் என்கிறார். கொடுப்பதற்கு இவர்களிடம் பொன் இல்லை. தமக்குக் கிடைக்க இருந்ததை முன்பின் அறியாத ஒருத்திக்காக விட்டுக்கொடுத்தார்கள். அவள் கேட்கவில்லை, நன்றி சொன்னதாகவும் பாட்டில் இல்லை. இதுவன்றோ கொடை!

பகுத்தறிவாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கபிலர் பாட்டில் குறவர் மழை வேண்டிப் பலியிடுகிறார்கள். மழை மிகுந்ததும் அது நிற்க வேண்டி மீண்டும் கடவுளைத் தொழுகிறார்கள். ஆனால் அழுத பெண்ணிடம், நோன்பு இரு, வேண்டுதல் செய், எல்லாம் தலைவிதி என்று கபிலர் சொல்லவில்லை. அவள் கண்ணீருக்குக் காரணம் வானத்தில் இல்லை. அரண்மனையில் இருக்கிறது என்று கண்டார். காரணமானவன் முன்னே போய் நின்றார்.

பெயர் சொல்லாத கொடையாளி ஒருவனும் புறநானூற்றில் உண்டு. பலா மரத்தடியில் களைத்துக் கிடந்த வன்பரணருக்கு ஒரு வேட்டுவன் இறைச்சி சுட்டுக் கொடுத்தான். மார்பின் ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றிக் கொடுத்தான். நாடு எது என்றால் சொல்லவில்லை. பெயர் என்ன என்றாலும் சொல்லவில்லை. அவன் நள்ளி என்பதைப் புலவர் பிறர் வாயால்தான் அறிந்தார். குழல்விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் நாட்டில் இந்த 150-ஆம் பாட்டைப் பாடம் வைக்க வேண்டும்!

எனினும் குறை காணாமல் போற்றுவது திறனாய்வு ஆகாது. நான்கு புலவரும் கேட்டது ஒன்றே: அவன் திரும்பிப் போக வேண்டும் என்பது. அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்டவர் யார்? கபிலர் பாட்டில் அவள் அழுகிறாள். அரிசில் கிழார் பாட்டிலும் பெருங்குன்றூர் கிழார் பாட்டிலும் அவள் வாடுகிறாள். பரணரின் 144-ஆம் பாட்டில் மட்டுமே அவள் பேசுகிறாள். நீ பேகனுக்கு உறவா என்று வணங்கிக் கேட்ட பரணரிடம், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவனுக்கு உறவினர் அல்லோம் என்கிறாள். என்னைப் போன்ற ஒருத்தியின் அழகை நாடி அவன் தேர் நாள்தோறும் வேறோர் ஊருக்குப் போகிறதாம் என்கிறாள். கெஞ்சவில்லை, சபிக்கவில்லை. உறவல்லேன் என்ற அந்த ஒரு சொல்லில் அவள் தன்மானம் நிமிர்ந்து நிற்கிறது. அதனால்தான் ஐந்தில் தலைசிறந்தது அந்தப் பாட்டு. பிறர் அவளுக்காகப் பேசினார்கள். பரணர் அவளையே பேசவிட்டார்.

பேகன் திரும்பிப் போனானா? ஐந்து பாடல்களும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு வேறு வழியும் இல்லை. இன்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணவிலக்கு உரிமை தந்திருக்கிறது. ஆயினும் கணவன் கைவிட்டால் அவளையே வாழாவெட்டி என்று இழிக்கும் நாக்கு இன்னும் நம் தெருக்களில் இருக்கிறது. விட்டுப் போனவனுக்கு அப்படி ஒரு வசைச்சொல் உண்டா? தேடிப் பாருங்கள்!

1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பில், கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்கியவனின் உயிர், படகில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. ஆழத்தில் நடப்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அதுவே அவன் கடமை. துயரில் மூழ்கியவரின் கதை முழுவதும் தெரிந்த பிறகுதான் உதவுவேன் என்பவன் எக்காலத்திலும் உதவப் போவதில்லை. பொதினி வாசலில் கயிறு அசைந்தது. நான்கு புலவர் இழுத்தார்கள். நம் தெருவிலும் அது அசைகிறது, இளைஞனே! நீ பிடிக்கப் போவது கயிற்றையா, மயிலுக்குப் போர்த்திய போர்வையின் புகழையா?