231 வோல்ட் இருந்தும் சூடேறாத இஸ்திரிப் பெட்டி

இஸ்திரிப் பெட்டி சரியாகச் சூடேறவில்லை. வந்த எலக்ட்ரீஷியன் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தார்; 231 காட்டியது. மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் வயரின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார், பீப் அடித்தது. "லைன்ல ஒண்ணுமில்ல சார், பெட்டிதான் போயிடுச்சு" என்றார். அதே பெட்டியைப் பக்கத்து அறையில் செருகினோம், நன்றாகச் சூடேறியது. கோளாறு சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸில். முறுக்கி டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயின்ட் உள்ளுக்குள் கருகிப்போயிருந்தது.

மீட்டர் தவறாகக் காட்டவில்லை. வோல்டேஜ் அளக்கும்போது டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 23 மைக்ரோஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பதோ நாலு ஆம்பியருக்கு மேல், ஏறக்குறைய இரண்டு லட்சம் மடங்கு. கருகிய ஜாயின்ட்டில் 30 ஓம் தடை இருந்தாலும் மீட்டரின் துளி மின்னோட்டம் அதைப் பொருட்படுத்தாது; 230 அப்படியே தெரியும். பல மீட்டர்களில் பீப் சத்தமும் அந்தத் தடைக்கு அடித்துவிடும். பெட்டியைப் போட்டதும் கணக்கு மாறுகிறது. பெட்டிக்குச் சுமார் 147 வோல்ட்தான் கிடைக்கும். மீதி 83 வோல்ட் ஜாயின்ட்டில் விழும். அந்த ஒரு ஜாயின்ட் 230 வாட் சூட்டைக் கக்கும், அதுவும் சுவருக்குள் பிளாஸ்டிக் பெட்டிக்கு நடுவில். இந்த நிலையில் "லைன்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போவதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. வீடு தீப்பிடிக்க அது போதும்.

இதனால் டெஸ்டரே மேல் என்று சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. டெஸ்டரின் நியான் விளக்கு, பிடித்திருப்பவரின் உடல் வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தில் எரிகிறது. கரன்ட் உண்டா என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. நியூட்ரல் அறுந்த வீட்டில் ஏதாவது ஒரு விளக்கு போட்டிருந்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். "ரெண்டு பக்கமும் பேஸ் வருது" என்று குழம்பி ஆளாளுக்கு ஒன்றைப் பிரிப்பார்கள். மல்டிமீட்டர் அங்கே உண்மையில் வழி காட்டுகிறது: இரண்டு துளைகளுக்கு இடையே ஏறக்குறைய சுழியம், ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு 230. நியூட்ரல் போய்விட்டது என்று அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். இந்தத் தெளிவை வேறு எந்தக் கைக்கருவியும் இத்தனை மலிவாகத் தருவதில்லை.

ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அளக்கும் ஆசை பழையது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி வடிவமைத்து 1923-இல் வந்த கருவியின் பெயர் ஏவோ. ஆம்பியர், வோல்ட், ஓம் என்பவற்றின் முதலெழுத்துகள். அந்தக் கால ஊசி மீட்டர்கள், அளக்கும் கம்பியிலிருந்தே மின்னோட்டம் எடுத்து ஊசியை நகர்த்தின. அது ஒரு குறை. மெல்லிய சர்க்கியூட்டுகளில் அளவே மாறிவிடும். ஆனால் வீட்டு ஒயரிங்கில் அதுவே ஒரு நன்மை. எங்கும் இணைக்காத ஒரு கம்பி, கரன்ட் ஓடும் கம்பிகளோடு ஒரே பைப்பில் கிடந்தால், டிஜிட்டல் மீட்டர் அதில் 80, 100 வோல்ட் என்று காட்டும். தொட்டவுடன் மறைந்துவிடும் வோல்டேஜ் அது. ஊசி மீட்டரில் பெரும்பாலும் அது தலைகாட்டாது.

எர்த் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால் "எர்த் சூப்பர்" என்று சொல்லிவிடுகிறார்கள். எர்த் குழி காய்ந்து தடை 1000 ஓம் ஆகியிருந்தாலும் மீட்டர் அதே 230-ஐத்தான் காட்டும். அந்த வீட்டில் கிரைண்டரின் உடம்பில் பேஸ் பட்டால் எர்த்துக்கு ஓடுவது கால் ஆம்பியர்கூட இல்லை. ஃபியூஸ் போகாது, எம்சிபி விழாது; ஆர்சிசிபியும் இல்லையென்றால் கிரைண்டர் முழு வோல்டேஜோடு அப்படியே நிற்கும். ஈரக்கையோடு மாவு வழிக்கப் போகிறவரைக் காக்க அந்த 230 எதுவும் செய்யாது. எர்த்தின் தடையைச் சொல்ல எர்த் டெஸ்டர்தான் வேண்டும்.

கிணற்று மோட்டாரிலும் இதே கதை. மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது ஒரு ஃபியூஸ் போனால், மோட்டாரே அந்த இழந்த பேஸில் வோல்டேஜை உண்டாக்கும். மோட்டார் பக்கம் அளந்தால் மூன்றும் இருப்பதுபோலத் தெரியும். கிளாம்ப் மீட்டரை மாட்டினால் ஒரு கம்பியில் சுழியம்.

ஆகவே என் குறை கருவியின் மேல் அல்ல, லோடு போடாமலோ வோல்டேஜை மட்டும் பார்த்தோ தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தின் மேல். இஸ்திரிப் பெட்டியைப் போட்டு, அது ஓடும்போதே சாக்கெட்டில் வோல்டேஜைப் பார்த்திருந்தால் 147 கண்ணில் பட்டிருக்கும். பழைய வயர்மேன்கள் பையில் வைத்திருந்த 100 வாட் டெஸ்ட் லேம்ப் இந்த வேலையைத்தான் செய்தது. இதே ஜாயின்ட்டில் அது கொஞ்சம் மங்கியிருக்கும். கூர்ந்து பார்க்கிற கண்ணுக்கு அது போதும். மங்கலுக்கு எண் சொல்ல அதற்குத் தெரியாது. லேம்ப், மீட்டர் இரண்டும் பையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மீட்டர் சுழியம் காட்டுவதற்குக் காரணங்கள் பல: லைன் செத்திருக்கலாம், லீட் உள்ளே அறுந்திருக்கலாம், டயல் டிசியில் நின்றிருக்கலாம். டிசியில் வைத்து வீட்டு லைனைத் தொட்டால் 230 வோல்ட் கம்பியும் சுழியத்தை ஒட்டியே காட்டும். முதலில் கரன்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் அளக்க வேண்டும். பிறகு தொடப்போகும் கம்பியில். பிறகு மறுபடியும் அந்தச் சாக்கெட்டில். முதலிலும் கடைசியிலும் 230 வந்தால்தான் நடுவில் வந்த சுழியத்தை நம்பிக் கம்பியில் கை வைக்கலாம்.