கட்டமும் அம்பும் போதுமா? பிபிஎம்என் வரைபட மொழி: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு



நூல்களையும் பயிற்றுவளங்களையும் மதிப்பிட்டுப் பழகிய நமக்கு இம்முறை ஒரு வரைபட மொழியைக் கொண்டுவந்திருக்கிறேன். 'இது ஐடிக்காரங்க சமாச்சாரமாச்சே, நமக்கெதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால், பள்ளி நிர்வாக வேலைகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறிவருகின்றன. நம் மாணவர்களைப் பற்றிய சில முடிவுகள் இத்தகைய கட்டங்களுக்குள்தான் எழுதப்படுகின்றன. அதை வாசிக்கத் தெரியாமல் 'சரி' என்று கையெழுத்துப் போடுவது நமக்கு அழகல்ல.

நடந்தது இதுதான். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பிற்பகலில் வேறொரு நிலையத்துக்குச் சென்று தமிழ் படிப்பது சிங்கப்பூரில் நமக்குப் பழகிய ஏற்பாடு. அப்படி என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த உயர்நிலை இரண்டு மாணவன் ஒருவன் மூன்று வாரமாக வரவில்லை. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் வராதவர் பட்டியலை நான் அனுப்பினேன். அலுவலகம் அதை அவனுடைய பள்ளிக்கு அனுப்பியது. அங்கே அது யாருடைய மின்னஞ்சலிலோ திறக்கப்படாமல் கிடந்தது. வீட்டிலோ, பிள்ளை தமிழ் வகுப்புக்குப் போய்ட்டுத்தான் வர்றான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த செயல்முறை வரைபடத்தின்படி பார்த்தால் எல்லாமே சரியாக நடந்திருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

பிறகு, அந்த நடைமுறையைக் கணினி மூலமே இயக்கலாம் என்று ஒரு சிறு குழு அமைத்தார்கள். என்னையும் அதில் சேர்த்தார்கள். அப்போதுதான் பிபிஎம்என் எனக்கு அறிமுகமானது.

ஒரு நிறுவனத்தின் வேலை எந்த வரிசையில், யார் கையால், எந்த நிபந்தனையில் நகர்கிறது என்பதை வரைந்து காட்டும் குறியீட்டு முறை இது. முதல் பதிப்பு 2004இல் வந்தது. 2005 முதல் ஓஎம்ஜி என்னும் தர நிர்ணய அமைப்பு இதைப் பராமரிக்கிறது. 2011 ஜனவரியில் வெளியான 2.0 பதிப்புதான் முக்கியமான திருப்பம். அதற்கு முன்பு இது பெரும்பாலும் பார்ப்பதற்கான படம். 2.0 வந்த பிறகு, வரைந்த படத்தை ஒரு கோப்பாகச் சேமித்து, மென்பொருள் இயந்திரத்திடம் கொடுத்து அப்படியே இயக்க முடிகிறது. 2013இல் இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது.

படம் இயங்குவது எப்படி? டோக்கன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தொடக்க வட்டத்தில் அது பிறக்கிறது. அம்புக்குறி வழியே நகர்கிறது. முனை மழுங்கிய செவ்வகத்துக்கு வந்தால் அங்கே ஒரு பணி நடக்கிறது. சாய்சதுரத்துக்கு வந்தால் வழி பிரிகிறது. தடித்த கோட்டு வட்டத்தில் அது மறைகிறது. ஒரு மாணவன் வரவில்லை என்றால் ஒரு டோக்கன். அது எங்கே நிற்கிறது என்று எந்த நேரமும் பார்க்கலாம்.

தமிழாசிரியர்களுக்கு இது அவ்வளவு அந்நியமல்ல. பணிக் கட்டத்தில் ஏவல் வினை வர வேண்டும்: 'பட்டியலை அனுப்பு'. நிகழ்வு வட்டத்தில் நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டும்: 'பதில் வந்தது'. சாய்சதுரத்தின் மேல் வினா: 'காரணம் ஏற்கத்தக்கதா?' எங்கள் சுவர்ப்படத்திலோ எல்லாக் கட்டத்திலும் 'தகவல் தெரிவித்தல்', 'தொடர் நடவடிக்கை' என்று தொழிற்பெயர்களாகவே இருந்தன. எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. யார் தெரிவிப்பது, யாருக்கு என்று யாரும் கேட்கவும் இல்லை.

சாய்சதுரத்துக்கு கேட்வே என்று பெயர். அதற்குள் இருக்கும் குறிதான் பொருளைத் தீர்மானிக்கிறது. பெருக்கல் குறி இருந்தால் பல வழிகளில் ஒன்றே ஒன்று. கூட்டல் குறி இருந்தால் எல்லா வழிகளும். வட்டம் இருந்தால் பொருந்துகிற வழிகள் மட்டும், ஒன்றோ பலவோ. நாம் பேசும்போது 'பெற்றோருக்கோ வகுப்பாசிரியருக்கோ சொல்லுங்க' என்று சொல்லிவிடுகிறோம். ஒருவருக்குச் சொன்னால் போதுமா, இருவருக்குமா? கேட்பவர் ஊகித்துக்கொள்வார். இயந்திரம் ஊகிக்காது. எண்ணும்மையைக் கற்பிக்கும் நமக்கு இந்த நுணுக்கம் பிடித்துப்போகும் என்றே நினைக்கிறேன்.

இதில் தவறினால் விளைவு உடனே தெரியும். கூட்டல் குறியால் பிரித்த இரு வழிகளைப் பெருக்கல் குறியால் சேர்த்தால் அதற்கடுத்த பணி இரண்டு முறை நடக்கும். வெள்ளோட்டத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஒரே கடிதம் இரண்டு முறை போனது. மாறாக, பெருக்கல் குறியால் பிரித்துக் கூட்டல் குறியால் சேர்த்தால், வராத டோக்கனுக்காக இயந்திரம் காத்துக்கொண்டே இருக்கும்.

இந்த மொழியின் பெருமை என்று நான் கருதுவது இரண்டு.

முதலாவது, பூல் என்னும் பெரிய கட்டம். ஓர் அமைப்புக்கு ஒரு பூல். வேலை வரிசையைக் காட்டும் தொடர்கோட்டு அம்பு பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. இரண்டு அமைப்புகளுக்கு இடையே போகக்கூடியது விட்டுவிட்டு வரும் கோடாலான செய்தி அம்பு மட்டுமே. எங்கள் பழைய படத்தில் எங்கள் நிலையமும் மாணவனின் பள்ளியும் ஒரே கட்டத்துக்குள் இருந்தன. நாங்கள் அனுப்பியதும் அவர்கள் செய்வார்கள் என்பதுபோல் அம்பு நேராக ஓடியது. பூலைப் பிரித்ததும் உண்மை வெளிப்பட்டது: நம் கையில் இருப்பது அனுப்புவது மட்டும்தான். அவர்கள் படித்தார்களா என்பது அவர்களிடமிருந்து செய்தி திரும்பி வந்தால்தான் தெரியும்.

இரண்டாவது, நேர நிகழ்வு. கடிகாரம் வரைந்த ஒரு சிறு வட்டத்தைப் பணிக் கட்டத்தின் விளிம்பில் ஒட்டலாம். 'பதிலுக்குக் காத்திரு' என்ற கட்டத்தின் மேல் மூன்று நாள் கடிகாரத்தை ஒட்டினால், மூன்று நாளில் பதில் வராதபோது டோக்கன் வேறு வழியில் புறப்படும்: 'பெற்றோரை அழை'. எதுவும் நடக்காமல் இருப்பதையும் ஒரு நிகழ்வாக எழுத இந்த மொழியில் இடம் இருக்கிறது. எங்கள் சுவர்ப்படத்தில் இல்லாமல் போனது இந்த ஒற்றை வட்டம்தான்.

இனி குறைகள்.

குறியீடுகள் மிக அதிகம். விதிநூல் ஐந்நூறு பக்கத்துக்கு மேல். மைக்கேல் சுர் மியூலனும் யான் ரெக்கரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 120 வரைபடங்களைப் பார்த்தார்கள். ஒரு படத்தில் சராசரியாக, இருக்கும் குறியீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடப் பயன்படவில்லை. தொடக்கம், முடிவு, பணி, அம்பு, பூல் ஆகியவற்றோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி நிறுத்தும்போது, நான் மேலே புகழ்ந்த கடிகார வட்டம்தான் முதலில் விடுபடுகிறது. இது கவலைக்குரியது.

சில வேறுபாடுகள் கண்ணுக்கே எட்டுவதில்லை. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், இரட்டைக் கோட்டு வட்டம் இடைநிகழ்வு, தடித்த கோட்டு வட்டம் முடிவு. நம்ம பள்ளி நகல் இயந்திரத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்தது லேன். பூலுக்குள் 'தமிழாசிரியர்', 'அலுவலகம்' என்று பிரிக்கும் பட்டைகள் இவை. பட்டையில் பெயர் எழுதிவிட்டால் வேலை அவருக்குப் போய்விடும் என்றுதான் நாங்கள் நம்பினோம். போகாது. லேன் பார்வைக்கான பிரிவு மட்டுமே. யார் செய்ய வேண்டும் என்பதை அந்தப் பணியின் உள்விவரத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும். இதைத் தெரியாமல் படத்தை ஏற்றுக்கொண்டால் பொறுப்பு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் யாரிடமும் இருக்காது.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று நாள் என்று எழுதினால் அது நாட்காட்டி நாள்தான். வெள்ளிக்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணும். ஜூன் விடுமுறை அதற்குத் தெரியாது. நாம்தான் தனியாகக் கணக்கிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசிக் குறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கணினித் திரையில் ஆள் முடித்துவைக்கும் பணிக்கு ஒரு குறி உண்டு. கணினி இல்லாமல் ஆள் செய்யும் பணிக்கு வேறொரு குறி, கை வரைந்திருக்கும். இயந்திரம் அந்தக் கைக் குறிக் கட்டத்தில் நிற்பதில்லை, கடந்து போய்விடும். நாங்கள் முதல் வரைவில் 'மாணவனுடன் பேசு' என்ற பணிக்கு அந்தக் கையைத்தான் போட்டிருந்தோம். படம் அழகாக ஓடி முடிந்தது. யாரும் யாருடனும் பேசவில்லை! பிறகு அதைத் திரைப் பணியாக மாற்றினோம். பேசியாயிற்று என்று ஆசிரியர் குறித்தால்தான் டோக்கன் நகரும். ஆனால் உண்மையில் பேசினாரா, சும்மா அழுத்திவிட்டாரா என்பதை எந்தக் குறியீடும் சொல்லப்போவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பிபிஎம்என் முழுவதையும் நாம் கற்கத் தேவையில்லை. ஆனால், உங்கள் பள்ளியில் இப்படி ஒரு படத்தை நீட்டினால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்த அமைப்புக்குத் தனிப் பூல் இருக்கிறது? பதில் வராவிட்டால் கடிகாரம் எங்கே? இந்த லேனில் இருப்பவருக்கு வேலை உண்மையிலேயே போய்ச் சேருமா? கைக் குறி போட்ட பணி முடிந்ததை யார் சரிபார்ப்பது? வரைந்து பழக விரும்பினால் கமுண்டா மாடலர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது போன்ற எளிய நடைமுறையில் தொடங்குங்கள். மாணவர்களிடம் கொடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் முழு வாக்கியமாக வாசிக்கச் சொன்னால், நல்ல பேச்சுப் பயிற்சியும் ஆகும்.

அந்த மாணவன் பிறகு வகுப்புக்குத் திரும்பினான். 'சார், அவன் ஸ்கூல்லயே ஒரு மாதிரியா இருக்கான்' என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அன்று மாலையே அவன் அம்மாவுக்குத் தொலைபேசினேன். இன்றைய புதிய படத்தில் அந்த அழைப்புக்கு ஒரு கட்டமும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. அந்தத் தோழிக்கு இடமில்லை. அவள் சொல்வதைக் கேட்க நாம் இருக்கத்தான் வேண்டும்.