வால் அடியில் ஒரு வரிச் செதில்

வெள்ளை வவ்வாலையும் கறுப்பு வவ்வாலையும் ஒரே கூடையில் பார்ப்பவர்கள், நிறம்தான் வேறு, மற்றபடி ஒரே வகை மீன் என்றுதான் நினைப்பார்கள். இரண்டுக்கும் தட்டையான அகன்ற உடல், சின்ன வாய், கவட்டையாகப் பிரிந்த வால். மற்ற மீன்களுக்கு வயிற்றுப் பக்கம் இருக்கும் ஜோடித் துடுப்பு இரண்டுக்குமே இல்லை. இப்போது கறுப்பு வவ்வாலை எடுத்து, வால் தொடங்குகிற குறுகலான இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். லேசாக மேடிட்ட ஒரு வரிச் செதில் நெருடும். பாறை மீன் சுத்தம் செய்து பழகிய கைக்கு அது உடனே தெரிந்துவிடும். கறுப்பு வவ்வால் உண்மையில் பாறைக் குடும்பத்து மீன். குஞ்சாக இருக்கும்போது அதற்கு வயிற்றுத் துடுப்பும் உண்டு. வளர வளர மறைந்துபோகிறது. வெள்ளை வவ்வாலின் வால் அடி வழவழவென்றிருக்கும். அதன் அடையாளம் தொண்டைக்குள் இருக்கிறது: உள்ளே முள் முளைத்த ஒரு பை. சொறி மீன் போன்ற கொழகொழப்பான இரையை அரைக்க அது உதவுகிறது.

மீனின் வெளி உருவம் அது செய்யும் வேலையைத்தான் சொல்லும். குலம் எங்காவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அந்த மூலையைத் தேடுவதுதான் மீன் பார்ப்பதில் உள்ள சுகம்.

இதில் பெரிய மனிதர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக், 1782 முதல் 1795 வரை 432 ஓவியத் தகடுகளோடு மீன்களைப் பற்றி ஒரு மாபெரும் நூல்வரிசையை வெளியிட்டார். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் நம் கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பிவந்தார். கறுப்பு வவ்வாலுக்கு 1795இல் அறிவியல் பெயர் வைத்தவர் பிளாக்தான். வைத்தவர் அதை வவ்வால்களோடே சேர்த்துவிட்டார். அவர் இறந்தபின் 1801இல் வந்த நூல், மீன்களைத் துடுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே வகை பிரித்தது. துடுப்பை எண்ணினால் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்!

அதே பிளாக், ஜானின் பெயரைக் கத்தாழை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு வைத்தார்: ஜானியஸ். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல மரியாதை செய்திருக்க முடியாது. சந்தையில் கத்தாழைக்குப் பெரிய மதிப்பில்லை. குழம்பில் தலையைக் கடிப்பவர் பல்லில் கல் தட்டி முகம் சுளிப்பார். அந்தக் கல்லைத் துப்பாமல் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பீங்கான் வெண்மை, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பள்ளம். அது மீனின் காதுக்கல். எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் காதுக்கல் உண்டென்றாலும் கத்தாழையின் கல் உடம்பின் அளவுக்கு மிகப் பெரியது. படலம் படலமாக வளர்வதால், குறுக்கே அறுத்து மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். கேட்கும் காது இருந்தால் பாடும் வாயும் வேண்டுமே? அது வயிற்றுக்குள் இருக்கிறது. காற்றுப்பையை ஒட்டிய தசைகள் வேகமாகத் துடிக்க, பை மத்தளமாக அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. கலங்கிய அடித்தண்ணீரில் வாழும் மீனுக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை.

காரலும் இப்படித்தான், மலிவு என்பதாலேயே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. விரல் நுனியால் உதட்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் வாய் குழாயாக நீண்டு வெளியே வரும், விட்டால் மடங்கி உள்ளே போகும். உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கும் உறுப்பு ஒன்றும் அதற்கு உண்டு.

வடிவ அழகுக்கு எல்லோரும் வஞ்சிரத்தைச் சொல்வார்கள். பாதிப் பேர் அதைத் துண்டாகத்தான் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். என் ஓட்டு சூரைக்கு. முதுகுத் துடுப்பைப் படுக்க வைத்தால் அதற்கென்றே இருக்கும் பள்ளத்தில் அடங்கிவிடும். வாலை நோக்கி வரிசையாகச் சின்னஞ்சிறு துடுப்புகள். வால் அடியில் இருபுறமும் கெட்டியான விளிம்பு. ஓடிக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும், நின்றால் மூச்சு முட்டும். அந்த ஓயாத உழைப்புக்கான தசைதான் வெட்டும்போது தெரியும் அந்தக் கருஞ்சிவப்பு. 'ரத்த மீன்' என்று ஒதுக்குபவர்கள் எதை ஒதுக்குகிறோம் என்று தெரியாமல் ஒதுக்குகிறார்கள்.

நாக்கு மீனை வாங்கினால், கடைக்காரர் தோலை உரிக்கும் முன் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு பிறந்து, குஞ்சுப் பருவத்திலேயே வலக்கண் இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிட்ட உடல் அது. மண்டையோடு கண்ணுக்கு வழிவிட்டுத் திருகியிருக்கும், வாய் கோணியிருக்கும். புரட்டினால் கண்ணில்லாத மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். மணலில் படுக்கும் பக்கத்துக்கு நிறம் எதற்கு?